போக்கர் செயலியில் சிக்கிய பணத்தை மீட்ட விதம்

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே இரவுகளில் கைப்பேசியில் போக்கர் என்ற சீட்டாட்டத்தைப் பணம் வைத்து ஆடிவந்த எனக்கு, 2024 பிப்ரவரியில் ஒரு செயலி எண்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகையைக் கொடுக்காமல் இழுத்தடித்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குக் கர்நாடக அரசு 2021இல் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் செல்லாதென்று அறிவித்திருந்தது. நாடு முழுவதற்குமான தடைச் சட்டம் 2025 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. ஆகவே நான் ஆடிய காலத்தில் இந்தத் தடைகள் எதுவும் நடப்பில் இல்லை.

கேஒய்சியை, அதாவது என் அடையாள ஆவணங்களை, மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்றுதான் உதவிப் பிரிவு முதலில் சொன்னது. பான் அட்டையும் வங்கிக் கணக்கும் முன்பே சரிபார்க்கப்பட்டவை என்று எழுதியதும், பணத்தை அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அப்படியானால் வங்கிப் பரிமாற்றத்துக்கு அடையாளமான யுடிஆர் எண்ணைத் தாருங்கள் என்று கேட்டேன். உடனே அந்தப் பேச்சு நின்றுபோய், என் ஆட்டத்தில் முறைகேடு உண்டா என்று சோதித்து வருவதாகப் புதிய காரணம் முளைத்தது.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. நான் ஆடிய மேசைகளில் குறிப்பிட்ட சில பெயர்கள் எந்நேரமும் இருந்தன. ஆள் குறைந்தால் வந்து உட்காருவதும், மேசை நிறைந்தால் எழுந்துபோவதுமாக அவை நடந்துகொண்டன. நிறுவனமே அமர்த்திய ஆட்களோ என்று தோன்றியது. கலிபோர்னியாவின் சீட்டரங்குகளில் 'ப்ராப்' எனப்படும் சம்பள ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே உண்டு. அவர்கள் தம் சொந்தப் பணத்தை வைத்து ஆடுவதால் அரங்குக்கு இழப்பில்லை. நிறுவனத்தின் பணத்தையே வைத்து மறைவாக ஆடும் ஆட்களின் கதை வேறு. ஒவ்வோர் ஆட்டத்திலும் பந்தயப் பணத்தில் 'ரேக்' என்ற சிறு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு யார் வென்றாலும் ஒன்றுதான். ஆனால் அதன் ஆள் என்னிடம் தோற்றால், நான் எடுக்கும் பணம் அதன் பையிலிருந்தே போகிறது. தாமதத்துக்கு இதுதான் காரணம் என்று நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆட்டக்காரர்களின் பணமே கையிருப்பில் இல்லை என்பது போன்ற வேறு காரணமும் இருக்கலாம்: ஃபுல் டில்ட் போக்கர் என்ற இணையதளம் 2011இல் ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டியது ஏறக்குறைய 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது 6 கோடி டாலர்தான் என்று அமெரிக்க அரசு வழக்கில் குறிப்பிட்டது.

அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் தமிழ் வக்கீல் ஒருவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். "தம்பி, அந்த ஆட்களைப் பற்றி எழுதினால் அதை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும், பணத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்," என்றார். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவைக் காட்டி நிறுவனத்தார் நழுவக்கூடும் என்பதால், சேவைக் குறைபாடு என்றே புகாரை அமைக்கச் சொன்னார். மனம் ஒப்பாவிட்டாலும் அப்படியே செய்தேன்.

உண்மையில் கைகொடுத்தது வருமானவரித் துறையின் பதிவேடு. அப்போதிருந்த வருமானவரிச் சட்டத்தின் 194பிஏ பிரிவுப்படி, நிகர வெற்றித்தொகையில் 30 விழுக்காட்டை, பணம் எடுக்கும்போதோ நிதியாண்டு முடியும்போதோ, நிறுவனமே டிடிஎஸ்ஸாக, அதாவது முன்கூட்டிய வரியாக, பிடித்துக் கட்டவேண்டியிருந்தது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டின் கணக்கை அது மே 31க்குள் தாக்கல் செய்தாகவேண்டியிருந்ததால், ஜூனில், என் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸைத் திறந்து பார்த்தேன். நிறுவனத்தின் பெயரில், 'செலுத்தப்பட்ட அல்லது வரவு வைக்கப்பட்ட தொகை' என்ற பத்தியில் என் வெற்றித்தொகை முழுவதும் இருந்தது. என்னிடம் சோதனை என்று சொன்ன நிறுவனம், அரசிடம் அதே தொகையை என் வருமானமாக ஒப்புக்கொண்டிருந்தது!

அந்தப் பக்கத்தையும் என் வங்கி அறிக்கையையும் இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகாரைப் பதிந்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, நான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்பதால், அடுத்த படியாக இங்குள்ள ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன் என்றும் நோட்டீஸில் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன்.

ஜூலையில், வருமானவரிக் கணக்குத் தாக்கலுக்கான கெடு முடிவதற்குள், வரி போக மீதித் தொகை யுடிஆர் எண்ணோடு வந்து சேர்ந்தது. தாமதத்துக்கான வட்டியைத் தரமுடியாது என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அதற்காக வழக்குத் தொடுக்க எனக்குத் தெம்பில்லை. கணக்கை மூடியாயிற்று. பான் அட்டையின் நகலை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு மட்டும் இன்றுவரை பதிலில்லை.