விருதுநகர் பங்குனிப் பொங்கல்: தீச்சட்டியும் பிடி அரிசியும்

விருதுநகர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பேப்பரில் வரும் மார்க்கெட் நிலவரம். துவரை, உளுந்து, வத்தல், மல்லி, நல்லெண்ணெய், கடலை எண்ணெய், எதுவானாலும் மூட்டை என்ன விலை, டின் என்ன விலை என்று இந்த ஊரைப் பார்த்துத்தான் மற்ற ஊர்க் கடைக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். கோயில் சுற்றுலா என்று கிளம்புகிறவர்கள் பட்டியலில் இந்த ஊர் அநேகமாக இருக்காது. மதுரையில் மீனாட்சியைப் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளைப் பார்க்கப் போகிறவர்கள், வழியில் பரோட்டா சாப்பிட மட்டும் இங்கே இறங்குவார்கள். எண்ணெயில் பொரித்த பரோட்டா நன்றாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பங்குனி மாதம் வந்தால் பரோட்டாவை மறந்துவிட்டுப் பராசக்தி மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும்.

பெரியம்மா வீடு அங்கே இருப்பதால் எனக்குத் தங்கும் கவலை இல்லை. பொங்கல் சாட்டியதுமே, அதாவது பங்குனித் திருவிழாவை அறிவித்ததுமே, போன் வந்துவிடும். "ஏப்பா, கொடி ஏறப்போகுது. சட்டி எடுக்கிறது திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை ராத்திரியே வந்து சேர்ந்திரு, காலையில பஸ் ஏறி வர்றேன்னு சொல்லாத" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். திங்கள் காலையில் வருகிறவர் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயில் பக்கம் போய்ச் சேருவதற்குள் பாதி விழா முடிந்திருக்கும்.

முதலில் பொங்கல் சாட்டுவார்கள், அப்புறம் கொடியேற்றம். கொடி ஏறிவிட்டால் ஊரின் சமையலறைகள் மாறிவிடும். கவுச்சி கிடையாது. விரதம் இருப்பவர்கள் மஞ்சளிலும் சிவப்பிலும் திரிவார்கள். கமிஷன் மண்டி முதலாளியும் அவர் கடையில் மூட்டை இறக்குகிறவரும் ஒரே நிற வேட்டியில், ஒரே மாலையோடு எதிரெதிரே வருவார்கள். பெண்கள் விடியும் முன்பே குடத்தில் தண்ணீரும் மஞ்சளும் வேப்பிலையுமாகக் கோயிலுக்கு நடக்க ஆரம்பிப்பார்கள். பங்குனி வெயில் அந்தப் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அம்மன் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கும் வேண்டுதலின் அருமை சட்டென்று புரியும். கரிசல் பூமி, வானம் பார்த்த பூமி. அம்மை வந்தாலும் கோடை வந்தாலும் அவளிடம் கேட்பது ஒன்றைத்தான்: குளிர வை, தாயே.

ஞாயிற்றுக்கிழமை பொங்கல். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றிலும் அடுப்புக் கூட்டிப் பானை வைக்கிறார்கள், பொங்குகிறது, குலவை இடுகிறார்கள். கண் எரியப் புகை. கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் எல்லாம் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்திருப்பதால், கோயில் வாசலில் பாதிப் பேச்சு சாமியைப் பற்றி இருக்காது. யாருக்கு வரன் பார்க்கிறார்கள், யார் வீட்டில் விசேஷம் என்றுதான் போகும். அம்மன் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

திங்கள்கிழமைதான் விருதுநகர். மற்ற ஊர்களிலும் தீச்சட்டி எடுக்கிறார்கள், நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். இங்கே இருப்பது அளவு. ஒரு தெருவில் ஒரு குடும்பம் சட்டி எடுத்துப் போகிறது என்று ஒதுங்கி நின்றால், பின்னாலேயே இன்னொரு குடும்பம், அதற்குப் பின்னால் இன்னொன்று. முடிவே தெரியாது. மண்சட்டிக்கு அடியில் வேப்பிலைக் கொத்து, உள்ளே கனன்று எரியும் விறகு. இரண்டு கையிலும் ஏந்தி வருகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் எண்ணெயும் சிறு விறகுத் துண்டுகளும் வைத்துக்கொண்டே நடக்கிறார். அணைய விடக்கூடாது. முன்னால் மேளம். எதிர் வீட்டுக்காரர்கள் குடத்தோடு வாசலில் நின்று, வருகிறவரின் காலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தார்ச்சாலை கொதிக்கிறதல்லவா. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர்க்காரர் என்று கேட்பதில்லை. ஊற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்கு அவர்தான் அம்மன்.

ஒரு சட்டியோடு நிற்பதில்லை. 21 சட்டி, 51 சட்டி, 101 சட்டி என்று நேர்ந்துகொண்டு எடுப்பவர்களும் உண்டு. அப்படி ஒருவர் வரும்போது தெருவே வழிவிடும். அதுவரை மைக்கில் காது கிழியப் பாடிக்கொண்டிருந்த பாட்டுகூடக் காதில் விழாது. (சினிமா மெட்டில் அம்மன் பாட்டைப் போட்டு ஒலிபெருக்கியை வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கட்டுகிறவர்களை அம்மன்தான் மன்னிக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை.) கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, பிறந்த குழந்தையைப் போட்டு, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு முனையாகச் சுமந்து வருவதையும் பார்க்கலாம். பல வருடம் குழந்தையில்லாமல் இருந்து வேண்டிக்கொண்டவர்கள் அவர்கள். தொட்டிலில் கிடக்கிற குட்டி இத்தனை சத்தத்திலும் தூங்கும்.

எங்கள் வீட்டில் சட்டி எடுத்தது பெரியம்மாவின் மருமகள், என் மதினி. எதற்காக நேர்ந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. பெரியம்மா மட்டும் எண்ணெய்ச் செம்போடு கூடவே நடந்தார். எழுபதைத் தாண்டிய கால். "நீங்க ஆட்டோவுல வாங்க அத்தை" என்று மதினி சொல்லிப் பார்த்தார். "நீ தீயைத் தூக்கிட்டு நடப்ப, நான் ஆட்டோவுல வரவா? நல்லா இருக்கே" என்றார் பெரியம்மா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை தேர். மாரியம்மனும் வெயிலுகந்தம்மனும் தேரேறி வீதி வருகிறார்கள். வடம் பிடிக்கக் கூட்டத்துக்குள் நுழைந்தால் செருப்பைப் பற்றிய ஆசையை விட்டுவிட வேண்டும். அதோடு விழா முடிந்தது என்று நினைத்தால் தப்பு. அப்புறம் பள்ளிக்கூட மைதானத்தில் பொருட்காட்சி ஆரம்பிக்கும். ராட்டினமும் அப்பளமுமாகப் பிள்ளைகளின் திருவிழா அது.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். க்ஷத்திரிய வித்யாசாலா, ஊர்ப் பேச்சில் கே.வி.எஸ். அந்தக் காலத்தில் நாடார் வியாபாரிகள் மாட்டு வண்டியில் சரக்கேற்றிப் போக, வழியில் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். அதற்குப் பணம் மகமையாக வந்தது. விற்ற மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பதுதான் மகமை. உறவின்முறை என்ற அவர்களின் சமூக அமைப்பு அதை நிர்வகித்தது. கோயில்களுக்குள்ளும் பள்ளிகளுக்குள்ளும் நுழைய முடியாமல் இருந்த ஒரு சமூகம், யாரிடமும் போய் நிற்காமல் தனக்கான கோயிலையும் பள்ளியையும் அந்தச் சில்லறையில் கட்டிக்கொண்டது. கே.வி.எஸ். பள்ளிக்கு இன்னொரு வழியும் இருந்தது: பிடி அரிசி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதைச் சேர்த்து விற்ற பணத்தில் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. அப்படிப் படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராஜர். ஆறு வயதில் தகப்பனை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் துணிக்கடைக்குப் போனவர். பிற்காலத்தில் முதலமைச்சராகி மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது இந்தப் பிடி அரிசி அவர் மனசில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பொங்கலுக்கு வருகிறவர்களில் பலரும் அவர் வீட்டுக்கும் போய்விட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். நானும் புதன்கிழமை போனேன். நெருக்கமான தெருவில் சின்ன வீடு, இப்போது அரசு நினைவு இல்லம். உள்ளே படங்கள். முதல்நாள் தேரில் வடம் பிடித்த அதே முகங்கள், நெற்றியில் அதே குங்குமத்தோடு வரிசையில் நின்றன. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படத்துக்கு முன்னால் கை கூப்பி, கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு அம்மா தன் பேரனின் கையைப் பிடித்துக் கும்பிட வைத்தார். அரசியல்வாதியைச் சாமியாக்கலாமா என்று எனக்குள் கேள்வி எழாமல் இல்லை. ஆனால் அந்த அம்மா சாமி என்று நினைத்துக் கும்பிடவில்லை, வீட்டுப் பெரியவர் படத்துக்குச் செய்வதைத்தான் செய்தார் என்று தோன்றியது. இதே ஊர் 1967 தேர்தலில் 1,285 ஓட்டில் அவரைத் தோற்கடித்ததும் உண்மை. வீட்டுப் பெரியவரோடு சண்டை போடாத குடும்பம் எங்கே இருக்கிறது?

பொங்கலைப் பார்த்த பிறகு, நினைவு நாட்களிலும் ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஜூலை 15க்குப் போனேன். 1903இல் அவர் பிறந்த நாள், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். காலையில் நினைவு இல்லத்தில் நூற்பு வேள்வி நடக்கிறது. கதர் உடுத்திய வயதானவர்கள் வரிசையாக உட்கார்ந்து ராட்டை சுற்றுகிறார்கள். பேச்சு, பாட்டு எதுவும் பெரிதாக இல்லை. நூல் அறுந்தால் ஒட்டிக்கொண்டு மறுபடி சுற்றுகிறார்கள். இரைச்சலுக்கு நடுவே நடக்கும் அன்றைய மாலை மரியாதைகளைவிட எனக்கு இதுதான் பிடித்தது. கட்சிக்காரர்கள் கார்களில் வந்து, கோஷம் போட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கட்சி போனதும் அடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் வெயிலில் நின்றார்கள். அவர்களுக்கு மிட்டாய் கொடுத்தது பக்கத்துக் கடைக்கார அண்ணாச்சி. எந்தக் கட்சியிலும் சேர்ந்தவராகத் தெரியவில்லை.

அவர் இறந்தது 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில். அதனால் அன்றைக்கு ஊரில் இரண்டு பேருக்கும் சேர்த்தே மாலை. அதே மாதம் 13ஆம் தேதி இன்னொரு நினைவு நாள் வருகிறது. இதற்கு அவ்வளவு கூட்டம் சேர்வதில்லை, சேர வேண்டும். தியாகி சங்கரலிங்கனார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். முதலில் ஊருக்கு வெளியே சூலக்கரையில், பிறகு ஊருக்குள் தேசபந்து மைதானத்தில். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அண்ணா, ஜீவா போன்ற தலைவர்கள் நேரில் வந்து கைவிடச் சொல்லியும் கேட்கவில்லை. எழுபத்தைந்து நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்து அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் உயிர்விட்டார். அப்போது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் இதே ஊர்க்காரர், காமராஜர். கோரிக்கை நிறைவேறவில்லை. 1967 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு, 1969 ஜனவரி 14 அன்றுதான் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

தேசபந்து மைதானத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பஜார் பக்கத்து மைதானம்தான், கூட்டம் போடுவார்கள், வண்டி நிறுத்துவார்கள். அருகில் டீக்கடையில் இருந்த பெரியவரிடம், "ஐயா, சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தது எந்த இடம்?" என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டிவிட்டு, "எங்க அப்பா வந்து பார்த்திருக்காரு. கும்பல் கும்பலா வந்து பார்த்துட்டுப் போனாங்களாம். ஒருத்தராலயும் சோறு தின்ன வைக்க முடியல" என்றார். "ஊர்ல ரெண்டு பேருமே பிடிவாதக்காரங்கதான் தம்பி. ஒருத்தரு பதவியில இருந்தாரு, ஒருத்தரு பட்டினியில இருந்தாரு." ரெண்டு பேருக்கும் மாலை போடுவீர்களா என்றேன். "போடாம? ஊருக்காக இருந்தவங்க" என்றார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

ஊருக்குள் பசியாற்றுவதும் பசி கிடப்பதும் விரதத்தோடு சேர்ந்தவை. சங்கரலிங்கனார் தன் சேமிப்பைப் பெண்பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்து, வரும் வட்டியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட ஏற்பாடு செய்தவர். பிறகு தானே சாப்பிடாமல் கிடந்து செத்தார். சட்டி எடுத்த அன்று மதினி வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. பெரியம்மா மட்டும் பந்தலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நீர்மோர் ஊற்றினார். இதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து, இது பக்தி, இது அரசியல் என்று என்னால் எழுத முடியவில்லை. ஊரும் பிரிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மதுரையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர், கன்னியாகுமரி போகும் நான்குவழிச் சாலையில். ரயில் சந்திப்பும் உண்டு, அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் செங்கோட்டைக்கும் இங்கிருந்துதான் பிரிகிறது. பொங்கல் வாரத்தில் விடுதிகளில் இடம் கிடைப்பது கஷ்டம், மதுரையில் தங்கி வந்து போகலாம். ஆனால் திங்கள் விடியும் முன்பே வந்துவிடுங்கள். தலைக்குத் துண்டு, கையில் தண்ணீர். தெருவில் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்கு இடம்விட்டு ஓரமாக நில்லுங்கள், தீயோடு வருகிறவர்களை மறித்துப் போட்டோ எடுக்காதீர்கள். ஒருநாள் கூடுதலாக இருந்தால் சாத்தூர் பக்கம் இருக்கன்குடி மாரியம்மனையும் பார்த்துவிடலாம், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடம். அங்கே ஆடி கடைசி வெள்ளிக்கு நடப்பது வேறு கதை, அதற்கு இந்த ஆண்டு பெரியம்மா இப்போதே ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.