பல்ப் எரிகிறது, வார்னிங் அணையவில்லை: முதலில் எர்த்தைப் பாருங்கள்

வட சென்னையில் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி நிற்கும் பழைய கார்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். டேஷ்போர்டில் 'பல்ப் போச்சு' விளக்கு எரிகிறது. இறங்கிப் போய்ப் பார்த்தால் முன்னும் பின்னும் எல்லா லைட்டும் எரிகிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, பல்பைச் சோதிக்கும் எலெக்ட்ரானிக் பெட்டியை (மாட்யூல்) மாற்றுகிறார்கள். இரண்டு மழைக்குப் பிறகு அதே விளக்கு மறுபடி வருகிறது.

அந்த விளக்கு வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, கரண்டைப் பார்க்கிறது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழைய மெர்சிடிஸ் டபிள்யூ124, பழைய வால்வோ போன்றவற்றில் இதற்கென்றே ஒரு ரிலே பெட்டி உண்டு. வால்வோவில் அது இடது பக்க பல்புக்கும் வலது பக்க பல்புக்கும் போகும் கரண்டை ஒப்பிட்டுப் பார்க்கும். பின்னால் வந்த ஐரோப்பிய கார்களில் பாடி கன்ட்ரோல் மாட்யூலே (லைட் முதலியவற்றை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) ஒவ்வொரு லைட்டுக்கும் போகும் கரண்டை அளக்கிறது. லைட் அணைந்திருக்கும்போதுகூட கண்ணுக்குத் தெரியாத சின்னத் துடிப்பு அனுப்பிச் சோதிக்கும் கார்களும் உண்டு. அதில் எல்இடி போட்டால் சும்மா இருக்கும்போதே மினுக் மினுக் என்று அடிப்பது இதனால்தான். நம் ஊர் சாதாரண கார்களில் இந்த வார்னிங் விளக்கு இருக்காது. ஆனால் ஒரு இண்டிகேட்டர் பல்ப் போனால் 'டிக் டிக்' வேகமாவதும் இதே கணக்குதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 21 வாட் பிரேக் பல்ப் 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். 5 வாட் பார்க்கிங் பல்ப் 0.42 ஆம்பியர். பிரேக் பல்பின் எர்த் வழியில், அதாவது கரண்ட் காரின் பாடி வழியே பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையில், உப்புக் களிம்பு ஏறி 1 ஓம் தடை சேர்ந்தால் கரண்ட் சுமார் 1.6 ஆம்பியருக்கு இறங்கும். பல்புக்கு 10.4 வோல்ட்தான் கிடைக்கும். வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். பகல் வெயிலில் தனியாக அந்த ஒரு பல்பைப் பார்த்தால் உங்கள் கண்ணுக்கு அது தெரியாது. இடது வலது இரண்டையும் ஒப்பிடும் பெட்டிக்குத் தெரியும். ஆக, பொய் வார்னிங் என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை பொய்யே இல்லை.

சோதிக்கும் முன் பல்பைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி கறுத்திருந்தால், ஃபிலமென்ட் தொய்ந்திருந்தால், அடியில் ஈயப் பொட்டு தேய்ந்து பள்ளமாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே வாட். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்று விட்டால் ஒப்பிடும் வகைக் கார்களில் அதுவே வார்னிங்கைக் கொண்டுவரும். பிரேக்கும் டெயிலும் சேர்ந்த 21/5 வாட் பல்பில் பக்கவாட்டுப் பின்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. அதை மாற்றித் திணித்தவர்கள் நிறைய. உள்ளே ஒரு ஃபிலமென்ட் அறுந்து இன்னொன்றின் மேல் விழுந்து ஒட்டிக்கொள்வதும் நடக்கும். அப்போது பல்ப் எரியும், ஆனால் பிரேக் மிதித்தால் கரண்ட் டெயில் லைட் வயருக்குள் திரும்பி ஓடும்.

இனி எர்த். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து எர்த் வயரை அளக்காதீர்கள். மீட்டரின் வயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், நாம் தேடும் தடையும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். போதாததற்கு, கரண்ட் ஓடாத நேரத்தில் ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 'நல்லா இருக்கு' என்றே காட்டும். கரண்ட் ஓடும்போது வோல்ட்டை அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில். பேட்டரி முன்னால் இருந்தால் நீளமான வயர் ஒன்றை இழுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு முனை டெயில் லேம்ப் ஹோல்டரின் எர்த் தகட்டில். ஜெர்மன் கார்களில் எர்த் வயர் பழுப்பு நிறம், வயரிங் படத்தில் 31 என்று போட்டிருக்கும். இப்போது ஹெட்லைட் போட்டு, அந்தப் பக்கத்து இண்டிகேட்டரையும் போட்டு, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். டெயில், இண்டிகேட்டர், பிரேக் மூன்றும் சேர்ந்து ஓடுவது முக்கியம். மூன்றுக்கும் ஒரே எர்த் என்றால் கிட்டத்தட்ட 4 ஆம்பியர் அதன் வழியே போகும், அப்போதுதான் கோளாறு வெளியே வரும். இரவில், சிக்னலில் நின்று திரும்பும்போது மட்டும் வார்னிங் வருகிறது என்று சொல்பவர்களுக்கு விடை இதுதான்.

0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சுத்தம். 0.2 வரை விட்டுவிடலாம். 0.5க்கு மேல் போனால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை, கோளாறு அங்கேதான். சிவப்பு முனையை ஹோல்டரிலிருந்து கப்ளர் (வயரை லேம்போடு இணைக்கும் பிளக்) பின்னுக்கு, அங்கிருந்து எர்த் போல்ட்டுக்கு, பிறகு பக்கத்துத் தகரத்துக்கு என்று நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் வோல்ட் விழுகிறதோ, அந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் களிம்பு. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக ஒளிர்கிறதா? மீட்டர் இல்லாமலே எர்த் கோளாறு என்று சொல்லிவிடலாம்.

எர்த்தில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் பாசிட்டிவ் பக்கத்தையும் இதே முறையில் பாருங்கள்: சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை ஹோல்டரின் நடுப் பொட்டில். டிக்கி மூடியில் லைட் இருக்கும் கார்களில் கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் வயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும், மேல்தோல் முழுசாக இருக்கும். லைட்டைப் போட்டுவிட்டு மூடியை மெல்ல ஏற்றி இறக்கினால் மீட்டர் ஆடும்.

சரிசெய்வது இப்படி. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் போல்ட்டை எடுத்து, அடியில் பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் பளபளப்பான தகரம் தெரியும்வரை தேயுங்கள். வயர் முனையில் இருக்கும் வளையம் (ரிங் டெர்மினல்) பச்சை பிடித்திருந்தால் தேய்க்க வேண்டாம், வெட்டிவிடுங்கள். வயரின் தோலை உரித்தால் செம்பு கறுத்திருக்கும். கடற்காற்றின் ஈரம் இழைகளுக்குள் ஏறிப் போவதால், பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். வயர் போதாவிட்டால் புது வயர். படகுகளுக்கென்று செய்யப்படும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. புது ரிங், நட்சத்திர வாஷர், இறுக்கமான போல்ட், அதற்குப் பிறகு மேலே வாசலின் பூச்சு. வாசலினை முதலில் தடவி அதன்மேல் இறுக்குவது தவறு.

ஹோல்டரின் எர்த் பின் கருகி பிளாஸ்டிக் உருகியிருந்தால் (பிஎம்டபிள்யூ இ90 டெயில் லேம்பில் இது பேர்போன நோய்) கப்ளரையும் பின்னையும் மாற்றுங்கள். கூடவே ஹோல்டர் தகட்டிலிருந்து பாடிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது நம் கடற்கரையில் ஒரு மழைக்காலம்கூட தாங்காது. கிரிம்ப் செய்து (இணைப்பை இடுக்கியால் நசுக்கிப் பிடித்து), சூடு காட்டினால் சுருங்கும், பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். டிசம்பர் 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீருக்குள் நின்ற கார் என்றால் டெயில் லேம்ப் ரப்பரையும் டிக்கி கார்ப்பெட்டின் அடியையும் பார்க்காமல் விடாதீர்கள்.

எல்இடி போட்டதால் வார்னிங் வருகிறது என்றால் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை 21 வாட் லைட்டுக்கு இணையாகப் போடுவது வழக்கம். இன்ஜின் ஓடும்போது அதில் 30 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். தகரத்தில் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலோ வயர் கட்டிலோ ஒட்டினால் உருக்கிவிடும். பழைய காருக்குப் பழைய பல்பே போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

மாட்யூலுக்கு வருவது கடைசியில்தான். பழைய ரிலே பெட்டியைத் திறந்து, பின்களைச் சுற்றி ஈயத்தில் மோதிரம் போல் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். 60/40 ஈயத்தில் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) மறுபடி பற்றவைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

ஸ்கேனர் வைத்து பல்ப் சோதனையையே அணைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் சம்மதிக்காதீர்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் இரவில் கன்டெய்னர் லாரி உங்கள் பின்னால் வரும்போது, டெயில் லைட் அணைந்ததை உங்களுக்குச் சொல்ல அந்த ஒரு விளக்குதான் இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகும் வார்னிங் அப்படியே நின்றால் பயப்பட வேண்டாம். பல பழைய கார்களில் பிரேக் லைட்டை, பெடலை மிதிக்கும்போதுதான் பெட்டி சோதிக்கும். சாவியை அணைத்துப் போட்டு, ஹெட்லைட் ஏற்றி, பிரேக்கை ஒரு முறை முழுசாக மிதியுங்கள்.