வணிகச் சட்டச் சொற்களை வீட்டுப் பெட்டகத்திலிருந்து படித்தேன்

இலங்கையில் ஏ.ஏ.ரி. என்ற கணக்கியல் பரீட்சையின் வணிகச் சட்டப் பாடத்தில் முதல் தடவை நான் தவறியபோது, இருநூறு சொற்களுக்கு மேல் எனக்கு மனப்பாடம். ஈடு, அடகு, பிணை, காலாவதி என்று எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்வேன். ஆனால் வினாத்தாளில் சொல்லுக்கு விளக்கம் கேட்கவில்லை. ஒருவர் தன் வளவை விற்பதாக வாயால் ஒப்புக்கொண்டு முற்பணமும் வாங்குகிறார், பிறகு மறுக்கிறார். வாங்க வந்தவர் அந்தக் காணியை எழுதித் தரச்சொல்லி வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தது. முன்மொழிவு இருக்கிறது, ஏற்பு இருக்கிறது, பணமும் கைமாறியிருக்கிறது. ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு வந்தேன்.

அது பிழை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையோ விற்பதற்கான உடன்படிக்கையோ எழுத்தில் இருக்க வேண்டும். உறுதி எழுத அனுமதி பெற்ற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்கக் கையெழுத்தாக வேண்டும். முத்திரை ஒட்டிய தாளில் எழுதி ஊர்ப்பெரியவர் கையெழுத்து வைத்தாலும் போதாது. கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்பது வேறு வழக்கு. அந்தச் சட்டத்தின் பெயர் எனக்குத் தெரியும். எங்கே போட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

இரண்டாம் தடவை படிக்கத் தொடங்கிய நாட்களில் அக்கா வீட்டுக்கடனுக்காக வங்கிக்குப் போனார். களுவாஞ்சிகுடியில் நாங்கள் இருக்கும் வீடு அவருக்குச் சீதனமாக எழுதியது. அதிகாரி வீட்டின் உறுதிப் பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே போய் ஒரு வரியில் விரலை வைத்து, "அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாராம். அன்று இரவு பெட்டகத்தைத் திறந்து அந்த உறுதியை நானே வாசித்தேன். 'சீவிய உரித்து நீங்கலாக' என்று இருந்தது. வீடு அக்காவுடையது, ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கவும் அனுபவிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அக்கா தனியாக ஈடு வைத்தால் அம்மாவின் அந்த உரிமையை வங்கி தொட முடியாது. சீவிய உரித்து என்ற சொல் அதன் பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

அப்புறம் வீட்டில் இருந்த எல்லாக் கடதாசிகளையும் அப்படித்தான் வாசித்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி கேட்டேன்: பொருள் யார் கையில் இருக்கிறது? உரிமை யார் பெயரில் இருக்கிறது? அம்மாவின் சங்கிலி அடகில் இருந்தது. பொருள் வங்கியில், உரிமை அம்மாவிடம். காணி ஈட்டில் காணி நம்மிடமே இருக்கும், உரிமையும் நம்முடையதே. வங்கிக்கு அதன் மேல் ஒரு பிடி மட்டும். மச்சானின் மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுத்தது. ஓடித் திரிவது அவர், ஆனால் பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக்கம்பனியின் பெயர்தான் இருந்தது. நம் ஊரில் நகைக்கும் காணிக்கும் 'ஈடு வைக்கிறது' என்றே சொல்கிறோம். விடைத்தாளில் இரண்டையும் கலந்தால் புள்ளி போய்விடும். ஈட்டை அடைமானம் என்று எழுதும் புத்தகங்களும் உண்டு, குழம்ப வேண்டாம்.

பிணையைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'சும்மா ஒரு கையெழுத்து' என்று கேட்பார்கள். இங்கே பொதுச்சட்டமாக இருக்கும் ரோமன் டச்சுச் சட்டத்தில் பிணையாளிக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: முதலில் கடனாளியிடம் அறவிடுங்கள், அதன் பிறகு என்னிடம் வாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் கடன் கொடுப்பவர்களின் படிவங்களில் அந்த உரிமையைக் கைவிடுவதாகவே பெரும்பாலும் எழுதியிருக்கும். 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்ற வரி இருந்தால் முழுக்கடனையும் பிணையாளி ஒருவரிடமே கேட்கலாம். என் மாமா ஒருவர் தான் எடுக்காத கடனுக்கு மூன்று வருடம் கட்டினார்.

வட்டியைக் கணக்கு போட்டுத்தான் புரிந்துகொள்ள முடியும். ஒரு லட்சம் ரூபாய், 12 மாதம், 24 வீதம் என்று எடுங்கள். முழுத்தொகைக்கும் நிலையாக வட்டி போட்டால் வட்டி 24,000, மாதத்தவணை 10,333. குறைந்து வரும் நிலுவைக்குப் போட்டால் தவணை ஏறக்குறைய 9,456, மொத்த வட்டி சுமார் 13,500 மட்டும். இரண்டுக்கும் 24 வீதம் என்றே பெயர். முதல் வகையை நிலுவைக் கணக்குக்கு மாற்றினால் வருட வட்டி 41 வீதத்தைத் தாண்டுகிறது. இதை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.



ஆட்சியுரிமைதான் பொறி, அதாவது பிறர் காணியில் நீண்ட காலம் இருந்து அதைச் சொந்தமாக்கும் உரிமை. 'பத்து வருடம் இருந்தால் காணி சொந்தம்' என்று அம்பாறைப் பக்கத்திலும் இங்கேயும் எல்லோரும் சொல்வார்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமையாளருக்கு எதிராக, யாருடைய உரிமையையும் ஏற்காமல், இடையூறின்றிப் பத்து வருடம் இருந்திருக்க வேண்டும். வாடகைக்கோ தயவிலோ இருந்த காலம் கணக்கில் வராது. அரச காணிக்கு இந்த வழியே இல்லை. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிட் காணியில் எத்தனை வருடம் வேளாண்மை செய்தாலும் அது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள்தான் வரும்.

விடை எழுதும்போது சட்டத்தின் பெயர், அதன் நிபந்தனை, கேள்வியில் வரும் ஆள் அதை நிறைவேற்றினாரா, முடிவு என்ற வரிசையில் போங்கள். பராட்டே (வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தை வங்கி ஏலம் விடும் அதிகாரம்) போல அடிக்கடி திருத்தம் வரும் சட்டங்களை பரீட்சைக்கு முன் ஒருமுறை புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை எனக்குப் பிணையாளி பற்றிய கேள்வி வந்தது. மாமாவின் படிவம் கண்ணுக்கு முன்னால் நின்றது, ஒரு வரி விடாமல் எழுதினேன்.