சீரியா–சிர்கோனியா தூள்: இரண்டும் சேர்ந்தே வீழ்படிய வேண்டும்

சீரியம் முக்கால், சிர்கோனியம் கால் என்ற அணு விகிதத்தில் சீரியா (சீரியம் ஆக்சைடு), சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) இரண்டும் ஒன்றிய 10 கிராம் வினையூக்கித் தூள் எடுக்க, சீரியம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 20.4 கிராம் போடுகிறோம். சிர்கோனியம் தரும் உப்பான சிர்கோனில் நைட்ரேட்டில்தான் சிக்கல். அதன் நீரளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியைத் திறந்து வைத்தாலே ஈரத்தை இழுத்துவிடும். லேபிளை நம்பாதீர்கள். கொஞ்சம் எடுத்து 900 டிகிரியில் சுட்டு, மிஞ்சும் ஆக்சைடை எடைபோட்டு, 1.93 கிராம் சிர்கோனியா தரும் அளவைக் கணக்கிடுங்கள்.

இரண்டையும் 500 மி.லி. அயனி நீக்கிய நீரில் கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. குளோரைடு தங்கினால் சீரியாவின் ஆக்சிஜன் தேக்கும் திறன் குறையும்.

உப்புக் கரைசலில் அம்மோனியாவை ஊற்றினால், சிர்கோனியம் பிஹெச் 3-ஐ ஒட்டியே வீழ்படியத் தொடங்கிவிடும். சீரியமோ 8-ஐ நெருங்கும்வரை கரைசலிலேயே நிற்கும். கிடைப்பது இரண்டும் ஒரே படிகத்தில் ஒன்றிய கலப்பு ஆக்சைடு அல்ல, தனித்தனி ஆக்சைடுகளின் வெறும் கலவை. அதனால் அம்மோனியாக் கரைசலில்தான் உப்பைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம், பிஹெச் 10-ஐ விடாமல் பிடித்துக்கொண்டு. மே மாத வெயிலில் அம்மோனியா பறந்து பிஹெச் சரியும் என்பதால் பீக்கரை ஐஸ் தண்ணீரில் வைப்பது நல்லது. அம்மோனியா பாட்டிலையும் குளிரவைத்து, ஃபியூம் ஹூட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) மட்டுமே திறக்க வேண்டும்; சூட்டோடு திறந்தால் சீறி அடிக்கும்.

வீழ்படிவு முதலில் மங்கலாகத் தெரியும், காற்றுபடக் கலக்கக் கலக்க மஞ்சளாகும். சீரியம் மூன்றிலிருந்து நான்கு இணைதிறனுக்கு மாறுவதன் அடையாளம் அது.

கழுவுவதில் பலர் அவசரப்படுகிறார்கள். எங்களைக் கேட்டால் தூளின் தரத்தில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது. வடிநீரின் மின்கடத்துதிறன் புது நீரின் அளவுக்கு இறங்கும்வரை கழுவுங்கள். அம்மோனியம் நைட்ரேட் மிஞ்சியிருக்க எத்தனால் ஊற்றி உலைக்குக் கொண்டுபோவது ஆபத்து. நைட்ரேட் போன பிறகே எத்தனாலால் இரண்டு முறை அலசல். நீரின் பரப்பு இழுவிசை அதிகம். உலரும்போது நுண்துளைகளை இறுக்கி நசுக்கிவிடும். எத்தனாலின் இழுவிசை அதில் மூன்றில் ஒரு பங்குதான். அலசிய கட்டி விரலில் பொடிந்து உதிரும். அலசாதது கண்ணாடிச் சில்லு மாதிரி உரலில் கீறும்.

எத்தனால் வாடை போகும்வரை ஹூட்டில் ஆறவிட்டு, 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 500-க்கு ஏற்றி, 4 மணி நேரம் சுட வேண்டும்.

தாமிர எக்ஸ் கதிரில் எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) எடுத்தால், சீரியாவின் 28.5 டிகிரி கோணத்து உச்சம் ஒற்றையாக, சற்று வலப்புறம் நகர்ந்து தெரிய வேண்டும். 30 டிகிரி அருகே தனியாக ஒரு மேடு தெரிந்தால் சிர்கோனியா பிரிந்துவிட்டது என்று பொருள். அப்போது சூட்டைக் கூட்டிப் பயனில்லை, தூளின் பரப்பளவுதான் குறையும். ஊற்றிய வேகத்தையும் அப்போதைய பிஹெச் பதிவையும் எடுத்துப் பாருங்கள்.