போன வாரம் சொன்னது என்ன ஆயிற்று?

தொண்டு செய்ய மனமிருந்தால் போதாதா, அதற்கு வாரந்தோறும் ஒரு கூட்டம் எதற்கு என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். வங்கிப் பணியில் இராமேசுவரத்துக்கு மாற்றலாகி வந்து, இங்குள்ள ரோட்டரி சங்கத்தில் சேர்ந்து, செயலாளர் பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட பிறகு, அந்தக் கேள்விக்கான பதிலை ஒவ்வொரு வியாழக்கிழமை இரவும் கண்ணெதிரே பார்த்து வருகிறேன். முகாம் நடத்துவதும் மரக்கன்று நடுவதும் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலையால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குத்தான் கூட்டம் தேவைப்படுகிறது. திரும்பிப் பார்க்காத தொண்டு, நான் கண்டவரையில், புகைப்படம் எடுத்ததோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் கூட்டம் வியாழக்கிழமையில் அமைந்ததற்குக் கடல்தான் காரணம். இராமேசுவரத்து விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் தொழிலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு உரியவை. சங்கத்தில் ஆசிரியர்கள், மருந்துக்கடைக்காரர், விடுதி நடத்துபவர்கள், வழக்கறிஞர் ஆகியோருடன் படகு உரிமையாளர்களும் ஐஸ் கம்பெனி நடத்துபவரும் இருக்கிறார்கள். புதனன்று போன படகு வியாழன் காலையில் வந்து, மீனை எடை போட்டு, கம்பெனி வண்டியில் ஏற்றி, ஆள்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டால், அன்று மாலை அவர்களுக்கு ஓய்வு. வெள்ளிக்கிழமை என்றால் மறுநாள் தொழிலுக்காக டீசலும் ஐசும் ஏற்றும் வேலை வந்துவிடும். வேறு ஊர்ச் சங்கங்களில் கிழமையைத் தேர்ந்தெடுப்பது வெறும் வசதி சார்ந்த விஷயமாக இருக்கலாம். இங்கே கிழமை தவறினால், ஊரை நன்கு அறிந்த பாதிப் பேர் இல்லாமல் ஊரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

வாரக்கூட்டம் என்பது இந்த இயக்கத்தின் பிறப்போடு வந்தது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடிப் பேசியதில் தொடங்கியதுதான் ரோட்டரி. ஒவ்வொருவருடைய அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடியதால்தான் அந்தப் பெயரே அமைந்தது. நெடுங்காலம் கட்டாயமாக இருந்த வாரக்கூட்டத்தை 2016-இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் உலகச் சட்டமன்றக் குழு தளர்த்தி, மாதம் இருமுறை கூடினாலே போதும் என்று சங்கங்களுக்கு விருப்பம் கொடுத்தது. எங்கள் சங்கத்திலும் அந்த விருப்பத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற பேச்சு எழுந்தது. வேலைப்பளு, பெட்ரோல் செலவு, பிள்ளைகளின் படிப்பு என்று சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் நியாயமானவையே. ஆனாலும் நான் வாரக்கூட்டத்தின் பக்கம் நின்றேன், இன்றும் நிற்கிறேன். இரண்டு வாரம் கழித்துக் கேட்கும்போது ‘அதை அப்போதே பார்த்திருக்கலாமே’ என்றுதான் சொல்ல முடிகிறது. ஒரு வாரத்தில் கேட்டால் இன்னும் சரிசெய்வதற்கு நேரம் இருக்கிறது.

கூட்டத்தின் நடைமுறை எளிமையானது. தலைவர் மணி அடித்துத் தொடங்கிவைப்பார். இறைவணக்கம் முடிந்ததும் நால்வகைச் சோதனையை அனைவரும் சேர்ந்து சொல்வோம். ஹெர்பர்ட் டெய்லர் என்பவர், திவாலாகும் நிலையிலிருந்த ஒரு நிறுவனத்தை மீட்க 1932-இல் எழுதிக்கொண்ட நான்கு கேள்விகள் அவை. அவற்றில் முதல் கேள்வி, ‘இது உண்மையா?’ என்பது. அந்தக் கேள்வியை வாயால் சொல்லிவிட்டு, அடுத்த பத்தாவது நிமிடத்தில் ‘முகாமில் இத்தனை பேர் பயனடைந்தனர்’ என்று அறிக்கை வாசிப்பது எனக்கு எளிதாக இருந்ததில்லை. முகாமில் பெயர் பதிந்தவர் எல்லாம் பயனடைந்தவர் ஆகிவிடுவாரா? வங்கியில், எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவாகாமல் சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கும் தொகைக்கு, அது தீரும்வரை விடாமல் விளக்கம் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில், பதிவேட்டின் கடைசிப் பக்கங்களை ‘நிலுவை’ என்று ஒதுக்கி, முடியாத ஒவ்வொரு வேலையையும் பொறுப்பேற்ற உறுப்பினரின் பெயரோடு எழுதத் தொடங்கினேன். கூட்டத்தில் முதலில் வாசிக்கப்படுவது இப்போது அந்தப் பக்கம்தான். ‘போன வாரம் சொன்னது என்ன ஆயிற்று?’ என்று தலைவர் ஒவ்வொருவராகக் கேட்பார். கேட்கப்படுபவர் வாய் திறப்பதற்குள் சில சமயம் அவருடைய முகமே பதில் சொல்லிவிடும்.

அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதைக் கண் சிகிச்சை முகாமில் அறிந்தேன். மதுரையிலிருந்து மருத்துவக் குழு வரும்; பள்ளிக் கட்டடத்தில் பரிசோதனை நடக்கும்; கண்புரை கண்டவர்களை அன்றே பேருந்தில் அழைத்துச் சென்று, அறுவை செய்து, லென்ஸ் வைத்து, கொண்டுவந்து விடுவார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. கண்ணாடி தேவையா என்பது அப்போதுதான் தெரியும். அறுவைக்குப் போய் வந்தவர்களின் பட்டியலையும் மறுபரிசோதனைக்கு வந்தவர்களின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துப் பெண்களின் பெயர்கள் இரண்டாவது பட்டியலில் பெரும்பாலும் இல்லை. நிலுவைப் பக்கத்தில் அந்தப் பெயர்களை எழுதினோம். ஆளுக்குச் சில வீடுகளாகப் பிரித்துக்கொண்டு போனோம்.

நான் போன வீடு, கருவாடு காயப்போட்டு விற்கும் ஒரு மூதாட்டியுடையது. கொட்டகை வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து காரல் மீனைப் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார். சொட்டு மருந்துக் குப்பி, குளிர்ச்சிக்காகத் தண்ணீர்ப் பானையின் அடியில் ஈரமணலில் செருகியிருந்தது. அதில் பாதிக்கு மேல் மருந்து அப்படியே இருந்தது.

“ஆத்தா, மருந்து ஒழுங்கா விடுறீங்களா?” என்று கேட்டேன்.

“கண்ணு நல்லாத் தெரியுதுய்யா. எதுக்கு வீணா ஊத்திக்கிட்டு? பேத்திக்குக் கண்ணு வலி கிண்ணு வலி வந்தா ஆகும்ல” என்றார்.

“ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க வந்தாங்களே, ஏன் வரலை?”

“ஞாயித்துக்கிழமை போட்டு கரைக்கு வர்ற நாளுய்யா. அன்னைக்கு மீனு எடுக்கலேன்னா அந்த வாரம் பூராவும் சும்மாதான். அடுப்புப் பக்கம் போகாதேங்குறாக; நான் போகலேன்னா யாரு கஞ்சி காச்சுறது?”

ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்தை இன்னொருவர் கண்ணில் விடக்கூடாது என்பதையும், திறந்த குப்பியை நாள் கடந்து வைத்திருக்கக்கூடாது என்பதையும் அவரிடம் பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவர் சொன்ன விஷயத்துக்கு அங்கே என்னிடம் பதில் இல்லை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஞாயிற்றுக்கிழமை வசதி. அதனால் எல்லா ஊரிலும் முகாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. இந்தக் கரையில் ஞாயிறு காலை, சனிக்கிழமை போன படகுகள் வந்து சேரும் நேரம். மீனை நம்பிப் பிழைக்கும் பெண்களை, வருமானம் உள்ள நாளில் வரச்சொல்லிவிட்டு, அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எங்கள் படகுக்கார உறுப்பினர்கள் யாரும் வியப்படையவில்லை. அவர்களுக்கு அது தெரிந்ததுதான். அதுவரை யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இரத்ததான முகாமிலும் இதுபோன்ற ஒன்று வெளிப்பட்டது. தீவிலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 55 கிலோமீட்டர். அவசரத்துக்கு இரத்தம் தேவைப்பட்டால் அங்கே போய்க் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் பட்டியல் ஒன்றை மருந்துக்கடை உறுப்பினர் வைத்திருக்கிறார். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம் என்பதால், யார் எப்போது கொடுத்தார் என்பதைக் கூட்டத்தில் சரிபார்த்துக்கொள்வோம். ஒரு முகாமில், கொடுக்க ஆசையோடு வந்த பெண்களில் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால்தான் இரத்தம் எடுப்பார்கள். அவர்களுக்கு அந்த அளவு இல்லை. வழக்கம்போல் ‘தகுதியற்றோர்’ என்ற பத்தியில் எழுதி மூடியிருக்கலாம். ‘ஏன் இத்தனை பேருக்குக் குறைவு?’ என்று ஓர் ஆசிரியை கூட்டத்தில் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் சின்னப்பாலம் போனோம்.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம், கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் ஊர். அவர்களில் ஒருவரான லட்சுமி, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு வழங்கப்படும் சீக்காலஜி விருதை 2015-இல் பெற்றதை வெளியூரில் பலர் அறியார். மன்னார் வளைகுடாவின் தீவுகளை ஒட்டிய கடலில், கண்ணாடி அணிந்து, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் மூழ்கி எழுந்து வேலை செய்கிறார்கள். விடியுமுன் போய்த் திரும்பும்வரை வயிற்றில் சரியான உணவு இல்லை. சுகாதார நிலையச் செவிலியர் இரத்தம் எடுக்க விரலைக் கேட்டபோது, ஒரு பெண் சுற்றியிருந்த துணிக்கிழிசல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பாறையும் பவளமும் கீறிக் கீறி, ஆறிய தோலின்மேல் மறுபடி கீறல் விழுந்து, ஊசி குத்த இடம் தேடும்படியாக இருந்தன அந்த விரல் நுனிகள். செவிலியர் மோதிர விரலின் பக்கவாட்டில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துக் குத்தினார். அந்தப் பெண் முகம் சுளிக்கவே இல்லை.

அங்கே ஒன்று தெரிந்துகொண்டோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் நன்றாக வற்றும். பாசி எடுக்க அதுவே ஏற்ற காலம். அந்த நாள்களில் எந்த முகாம் வைத்தாலும் அவர்கள் வரமாட்டார்கள். அதன்பின் எங்கள் கூட்ட அறையில், ஜூலையில் தொடங்கும் சங்க ஆண்டின் அட்டவணைக்குப் பக்கத்தில் தமிழ் நாள்காட்டி ஒன்றும் தொங்குகிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது சுகாதார நிலையத்தின் வேலை. அதை அந்தப் பெண்கள் தவறாமல் வாங்குகிறார்களா என்பதைப் பார்க்கும் வேலையை ஆசிரியை ஏற்றுக்கொண்டார். மாத்திரையைச் சாப்பிட்டதும் வயிற்றைப் புரட்டுகிறது என்று சிலர் நிறுத்திவிட்டதையும், உணவுக்குப் பின் சாப்பிடச் சொன்னதும் தொடர்ந்ததையும் அவர்தான் வந்து சொன்னார்.

மனத்தை வருத்திய ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். கடற்கரை ஊர்ப் பள்ளி ஒன்றில், வெளியூர் அமைப்பு ஒன்று கொடுத்த குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கிறது. கொடுத்தவர்களின் பெயர் பொறித்த பளிங்குப் பலகை இன்றும் பளபளக்கிறது. குழாயில் தண்ணீர் இல்லை. இந்தக் கரையில் நிலத்தடி நீர் உவர். வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், அதற்குப் பின்னால் உப்பைப் பிரிக்கும் சவ்வும் அடைத்துவிடும். மாற்றுவது யார், பணம் எங்கிருந்து என்று யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருகிறார்கள்; தண்ணீர் வண்டி வராத நாளில் அதுவும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த வாரம், எந்த இயந்திரம் கொடுத்தாலும் மூன்று ஆண்டுப் பராமரிப்புப் பணத்தை முன்கூட்டியே வைப்புநிதியில் போட்ட பிறகே கொடுப்பது என்று தீர்மானம் நிறைவேற்றினோம். இதனால் நாங்கள் கொடுக்கும் இயந்திரங்களின் எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் அக்னி தீர்த்தக் கடற்கரையில் நடக்கும் தூய்மைப்பணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீராடிய துணியைக் கடலிலேயே விட்டுச்செல்லும் வழக்கத்தால் சேலைகளும் வேட்டிகளும் மணலில் புதைந்து, ஈர மணலோடு பிணைந்து, இருவர் சேர்ந்து இழுத்தாலும் வராத கனமாகிவிடுகின்றன. மறுநாள் பொறுக்குவதைவிட, அன்றே படித்துறையில் நின்று கைகூப்பிக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்ல பலன் தருகிறது. இதுவும் வாரக்கூட்டத்தில் ஓர் இளம் உறுப்பினர் சொன்ன யோசனை.

சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து செய்வதன் பலனை இந்த இயக்கம் போலியோ ஒழிப்பில் கண்டிருக்கிறது. 1985-இல் ரோட்டரி தொடங்கிய முயற்சியில் அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்தன. இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் ஒரு குழந்தைக்கு நோய் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று நம் நாட்டுக்குச் சான்று கிடைத்தது. சொட்டு மருந்து முகாமுக்கு வராத குழந்தையின் வீட்டை மறுநாள் தேடிப்போனதால் வந்த வெற்றி அது.

கண் முகாமுக்கு இந்த முறை நாளை மாற்றியிருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கத்தரி வெயிலில் கண்ணில் கத்தி வைக்கக்கூடாது என்ற நம்பிக்கை ஊரில் வலுவாக இருக்கிறது. எந்தப் பருவத்திலும் செய்யலாம் என்று மருத்துவர்கள் சொல்வதை எடுத்துரைத்தாலும் ஆறுதல் அடையாதவர்கள் உண்டு. ஆகவே கத்தரி தொடங்குமுன், ஏப்ரல் கடைசி வாரத்தில் முகாம். மே கடைசி வாரத்தில் மறுபரிசோதனை. இரண்டுமே தடைக்காலத்துக்குள் அடங்குவதால், ஞாயிற்றுக்கிழமை மீன் எடுக்கப்போக வேண்டிய கட்டாயம் பெண்களுக்கு இருக்காது. ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். மருந்து விடுவதையும் அடுப்பைப் பார்ப்பதையும் மகன்களும் மருமகன்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வீடு வீடாகப் பேசும் பொறுப்பைப் படகுக்கார உறுப்பினர்கள் இருவர் எடுத்திருக்கிறார்கள். தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது என்பதால் மறுபரிசோதனைக்கு அழைத்துவரும் வண்டிச் செலவைச் சங்கமே ஏற்க வேண்டும். அந்தத் தொகை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வரும் வியாழக்கிழமை பொருளாளர் கணக்கோடு வருவார்.