காசிமேட்டிலிருந்து யாட் வேலைக்கு: பேசிக் சேஃப்டி கோர்ஸ் முடித்த அனுபவம்

யாட் எனப்படும் சொகுசுப் படகுகளில் வேலைக்கு ஆசைப்படும் எங்கள் ஏரியாப் பையன்கள் முதலில் கேட்பது, 'கோர்ஸுக்கு எவ்வளவுண்ணா ஆகும்?' என்றுதான். பணம் கட்டுவதற்கு முன்னால் கண்ணைக் காட்டிவிட்டு வா என்பேன். டிஜி ஷிப்பிங், அதாவது மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம், அங்கீகரித்த டாக்டரிடம் மெடிக்கலுக்குப் போனால், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவார். கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரவில் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவரை டெக்கில் காவலுக்கு நிறுத்த மாட்டார்கள்.

அப்புறம் இண்டோஸ் நம்பர், அதாவது இந்தியக் கடலோடிகள் பதிவேட்டில் நமக்குத் தரும் அடையாள எண். ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும்; அது இல்லாமல் கோர்ஸில் சேர முடியாது. என்னுடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நின்றது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல். அதைச் சரிசெய்ய அலைந்ததை நினைத்தால் கோர்ஸே சுலபம்.

இந்த கோர்ஸுக்கு அடிப்படை எஸ்டிசிடபிள்யூ. கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் 1978-இல் வந்த பன்னாட்டு ஒப்பந்தம் அது. 2010-இல் மணிலாவில் பெரிதாகத் திருத்தினார்கள். அதன்படி உயிர் தப்புதல், தீயணைப்பு, முதலுதவி, சொந்தப் பாதுகாப்பு என்று நான்கு பாடங்கள், கூடவே கப்பல் காவல் பயிற்சி. சரக்குக் கப்பலோ கோடீஸ்வரர் யாட்டோ, வாசல் இதுதான்.

நீச்சல் குளத்தில்தான் எங்களுக்கு வேடிக்கை. தூண்டில் வளைவுக் கல்லிலிருந்து குதித்து வளர்ந்த உடம்பு. தலைகீழாகப் பாயத்தான் தெரியும். லைஃப் ஜாக்கெட்டோடு அப்படிக் குதித்தால் கழுத்து போய்விடும். ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தி, இன்னொரு கையால் ஜாக்கெட்டைக் கீழே அழுத்தி, கீழே பார்க்காமல் நேரே பார்த்து ஓர் எட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரில் விழுந்ததும் நான் கை வீச ஆரம்பித்தேன். "தம்பி, நீந்தாத. சும்மா கெட" என்று கத்தினார் பயிற்சி தந்த கேப்டன் சார். குளிர்ந்த கடலில் நீந்த நீந்த உடம்புச் சூடு போய்விடும். முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கையைக் கட்டிக்கொண்டு மிதக்க வேண்டும். கவிழ்ந்த லைஃப் ராஃப்டை, அதாவது காற்றடைத்த உயிர்காப்பு மிதவையை, நிமிர்த்துவது இன்னொரு கூத்து. கேஸ் சிலிண்டர் இருக்கும் பக்கம் ஏறி நின்று, அடியிலுள்ள பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் மொத்த ராஃப்டும் நம் மேலேயே கவிழும். பதறாமல் மல்லாந்தபடி வெளியே வர வேண்டும்.

புகை அறையில் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் போனது தனிக் கதை. ஆனால் என்னை உலுக்கியது மூடிய அறைப் பாடம். மீன் அழுகும்போது ஆக்சிஜன் குறையும், ஹைட்ரஜன் சல்பைடு சேரும். மயங்கி விழுந்தவனைத் தூக்க மூச்சுக் கருவி இல்லாமல் இறங்குபவனும் விழுவான். விசைப்படகின் மீன் அறைக்குள் தினமும் இறங்கும் எங்கள் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

சான்றிதழ் வந்தபிறகு சிடிசி, அதாவது கடலோடிக்கு அரசு தரும் பணிப் புத்தகம். அந்தக் காரியமாக ராஜாஜி சாலை ஆங்கர் கேட் கட்டடம் பழகிப்போனது. இந்த நேரத்தில்தான் ஏஜென்ட்கள் வருவார்கள். ஒருவர் என்னிடம் யாட் வேலைக்கென்று லட்சக்கணக்கில் கேட்டார். கப்பலுக்கு ஆள் சேர்க்க அரசு தரும் உரிமமான ஆர்பிஎஸ்எல் நம்பர் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். கடலோடியிடம் வேலை வாங்கித் தரக் கட்டணம் வாங்கவே கூடாது என்பது 2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின் விதி. மெடிக்கல், பாஸ்போர்ட், சிடிசி செலவு மட்டும்தான் நம் தலையில் விழலாம்.

யாட் உலகம் எங்களுக்கு அந்நியம்தான். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இலிருந்து துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளைக்காரப் பையன்கள் பிரான்ஸின் ஆண்டிப், ஸ்பெயினின் பால்மா துறைகளில் படகு படகாக ஏறிக் கேட்டு நாள்கூலிக்குச் சேர்ந்துவிடுவார்கள். ஷெங்கன் விசாவுக்கே திண்டாடும் நமக்கு அது நடக்கிற காரியமில்லை. அதனால் நான் துபாய் பக்கம் வாடகைக்கு விடும் சார்ட்டர் படகுகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். தேக்கு டெக்கை மர ரேகைக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும் என்பதுவரை கேட்கிறார்கள். அதெல்லாம் படித்தாயிற்று. விசைப்படகு ஓட்டுவதற்கான பவர்போட் லெவல் 2 சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். அடுத்து அதற்குத்தான் பணம் சேர்க்கிறேன்.