"சைவம்தானே? அப்போ பால் குடிங்கம்மா"

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஒரு மாதமாக எனக்கு இரண்டு பாதங்களிலும் மதமதப்பு. ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு 148 என்று வந்திருந்தது. 200க்குக் கீழே போனால் குறைபாடு என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

பால், தயிர், நெய் எதையும் தொட்டு மூன்று வருடமாகிறது என்றேன். "பால்கூடக் கிடையாதா? அப்புறம் உடம்பு எப்படித் தாங்கும்?" என்றார். சைவம் என்றால் பாலும் தயிரும் சேர்ந்ததுதான் என்று பழகிய ஊர் நம்முடையது. நான் உடனே காரணத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சின்ன வயதில் எங்கள் வீட்டில் மாடு இருந்தது. காளைக்கன்று பிறந்தால் சில வாரத்தில் வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போவார். தாய்மாடு இரண்டு நாள் கத்தும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "அது சரிம்மா, நரம்பு கெட்டுப்போனா என்ன செய்வீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பி12 பாக்டீரியா உண்டாக்கும் சத்து; கீரையையோ பருப்பையோ நம்பி இருக்க முடியாது. வீகனாக, அதாவது பால்கூட எடுக்காத சைவமாக இருப்பவர் மாத்திரையோ, அது சேர்த்த உணவோ எடுத்தே ஆக வேண்டும். தெரிந்திருந்தும் நான் எடுக்கவில்லை. ஹீமோகுளோபின் 12.6 இருந்ததால் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டேன். கீரையிலும் பருப்பிலும் ஃபோலேட் என்ற வைட்டமின் நிறைய உண்டு. பி12 குறைவதால் வரும் ரத்தசோகையை அது வெளியே காட்டாமல் வைத்திருக்கும். உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்த வாரம் போனபோது மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு நாள் சாப்பிட்டதை எழுதிய நோட்டை மேசையில் வைத்தேன். புரதத்தில் அவருக்குப் பெரிய சந்தேகம் இல்லை. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, சோயா என்று பக்கம் பக்கமாக இருந்தது. கால்சியத்தில்தான் நின்றார். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம், 100 மில்லி பாலில் சுமார் 120 என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். "எழுதியிருக்கிறதெல்லாம் உடம்பில் சேராதே" என்றார். அதுவும் நியாயம்தான். பசலையில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் அதிகம், அதிலுள்ள கால்சியம் பெரும்பாலும் வீணாகும். அதனால் முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டேன். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்புச்சத்து சேராது என்றார், அதையும் விட்டேன்.

அப்புறம்தான் நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "டாக்டர், இனிமேல் பாலே குடித்தாலும் இந்தக் குறைபாடு தீருமா?" கால் லிட்டர் பாலில் பி12 ஒரு மைக்ரோகிராம் சொச்சம்தான். அவர் எழுதப்போகும் மாத்திரையில் 1500. கொஞ்சம் யோசித்தார். "தீராது. பால் குடிக்கிறவங்களுக்கும் இதே மாத்திரைதான் எழுதறேன்" என்றார். அந்த ஒரு பதிலில் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

மருந்துக்கடையில் இன்னொரு சிக்கல். அவர்கள் கொடுத்தது ஜெலட்டின் கேப்ஸ்யூல், அதாவது மாட்டு எலும்பு, தோலிலிருந்து வருவது. திரும்பிப் போய் சாதா மாத்திரையாக எழுதி வாங்கினேன். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுப்பது என்றதும் டாக்டரே ஆச்சரியப்பட்டார். லைக்கன் என்ற பாறைப்பாசியிலிருந்து எடுக்கும் டி3யும் உண்டு என்றேன். மருந்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து பி12 அளவு 436. இடது பாதத்தில் மதமதப்பு முழுக்கப் போய்விட்டது, வலது பெருவிரலில் மட்டும் லேசாக இருக்கிறது. டாக்டர் என் ஃபைலின் மேல் 'பால் எடுப்பதில்லை, பி12 தொடரவும்' என்று எழுதி, ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.